4கே என்று சொல்லி 1080பி கொடுக்கிறார்கள்: கடைசித் தவணைக்கு முன் அசல் ஃபுட்டேஜைத் திறந்து பாருங்கள்

லேத் வேலை கற்றுத்தரும் பயிற்சி வீடியோத் தொகுப்பு ஒன்று தரம் பார்க்க எங்களிடம் வந்தது. எடுத்துக்கொடுத்த குழு எழுத்திலேயே தந்திருந்த உறுதி: இரண்டு 4கே (3840×2160 பிக்சல்) கேமரா, தனி ஒலிப்பதிவு, படத்தின் நிறத்தைச் சீராக்கும் கலர் கிரேடிங். வந்து சேர்ந்ததோ பெரிதாக்கப்பட்ட 1080பி (1920×1080 பிக்சல்) படம், கேமராவின் உள்மைக் ஒலி, பல காட்சிகளில் மேலும் கீழும் ஊரும் கரும்பட்டைகள். முழுப் பணமும் கைமாறிய பிறகு, எடுக்கச் சொன்னவர்கள் அசல் கோப்புகளைக் கேட்டிருக்கிறார்கள். மெமரி கார்டை அழித்தாயிற்று என்று பதில் வந்திருக்கிறது. அந்தக் குழுவின் பெயர் இங்கே வேண்டாம். இதே வேலையை இதே வழியில் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எப்படிச் செய்கிறார்கள், எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத் தெரிந்துகொண்டால் யாரிடமும் ஏமாற வேண்டியதில்லை.

ஒரு காட்சியை மட்டும் பார்ப்போம். வெர்னியர் காலிப்பரில் அளவெடுக்கும் குளோசப். மானிட்டரில் முழுதாக வைத்துப் பார்க்கும்போது காலிப்பர் பளிச்சென்றுதான் இருக்கிறது. 100 சதவீத அளவுக்குப் பெரிதாக்கினால் நிலைமை தெரிந்துவிடுகிறது. வெர்னியர் அளவுகோலின் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சாம்பல் பட்டையாகக் கிடக்கின்றன. முதன்மை அளவுகோலின் எண்களைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு ஓடுகிறது. எந்தக் கோடு எந்தக் கோட்டோடு நேராக நிற்கிறது என்று காட்டத்தான் அந்தக் காட்சியையே எடுத்தார்கள். படிக்கிற மாணவருக்கு அது தெரியாவிட்டால் பாடமே இல்லை.

அந்த வெள்ளை விளிம்பைக் கவனியுங்கள். சிறிய படத்தைப் பெரிதாக்கினால் அது மந்தமாகிவிடும். மந்தத்தை மறைக்க, விளிம்புகளைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங்கைக் கூட்டுவார்கள். கூட்டியது அளவுக்கு மீறினால் இருண்ட கோட்டை ஒட்டி வெள்ளைக் கோடு முளைக்கும். சில கேமராக்கள் தாமாகவே இப்படி அதிகமாக ஷார்ப் செய்யும் என்பதால் இதை மட்டுமே ஆதாரமாக வைத்துப் பேச முடியாது. ஆனால் சந்தேகப்பட இது போதும்.

பலர் இந்த இடத்தில் மீடியாஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, 3840×2160 என்று காட்டியதும் திருப்தியாகிவிடுகிறார்கள். எடிட்டர் ஏற்றுமதி செய்யும்போது தேர்ந்தெடுத்த அளவைத்தான் அது காட்டும். உள்ளே இருக்கும் படம் எந்த அளவில் பிடிக்கப்பட்டது என்பது அதற்குத் தெரியாது. 1920×1080 படத்தில் ஒரு ஃபிரேமுக்கு 20,73,600 பிக்சல். 3840×2160 படத்தில் அதைப்போல 4 மடங்கு. மீதி மூன்று பங்கையும் மென்பொருள் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து ஊகித்து நிரப்பியிருக்கும்.

உறுதியாகச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கேமரா டிரைபாடில் நிற்கும், எதுவும் அசையாத, ஃபோகஸ் துல்லியமாக இருக்கும் காட்சியிலிருந்து ஒரு ஃபிரேமைச் சுருக்கமில்லாத படமாக எடுங்கள். அதன் நகல் ஒன்றை 1920×1080 ஆகக் குறைத்துச் சேமியுங்கள். எடிட்டிங் மென்பொருளின் 4கே டைம்லைனில் கீழ்த் தடத்தில் அசல் ஃபிரேம், மேல் தடத்தில் குறைத்த நகலைத் திரும்ப முழு அளவுக்குப் பெரிதாக்கி வையுங்கள். மேல் தடம் கீழ்த் தடத்தோடு கலக்கும் காம்போசிட் முறையை டிஃபரன்ஸ் என்று மாற்றினால் இரண்டு படங்களுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே திரையில் நிற்கும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே இதற்குப் போதும். திரை கறுப்பாக இருக்கும். பிரகாசத்தைக் கூட்டும் கெயினை நன்றாக ஏற்றுங்கள். உண்மையான 4கே என்றால் முடி, துணியின் இழை, எழுத்தின் விளிம்பு எல்லாம் கோடுகோடாக எழுந்து வரும். ஏற்றிய பிறகும் கிட்டத்தட்டக் கறுப்பாகவே இருந்தால், 1080பிக்கு மேலான விவரம் அந்தப் படத்தில் இல்லை.

இந்தச் சோதனையை நியாயமாகச் செய்ய வேண்டும். ஃபோகஸ் நழுவிய காட்சி, அசைவில் கலங்கிய காட்சி, அளவுக்கு மீறிச் சுருக்கிய கோப்பு எல்லாமே இதே முடிவைத்தான் தரும். மென்மையான லென்ஸில் பிடித்த உண்மையான 4கே படமும் தடுமாறும். அதனால் வெவ்வேறு காட்சிகளிலிருந்து பல ஃபிரேம்களை எடுத்துப் பாருங்கள். ஒரு நல்ல ஃபிரேம்கூடத் தேறவில்லை என்றால் கேள்வி கேட்கலாம்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்றால், காரணம் இடமும் நேரமும்தான். 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்) வேகத்தில் பதியும் 4கே ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி பிடிக்கும். 24 எம்பிபிஎஸ் 1080பிக்கு 11 ஜிபிக்குள் முடிந்துவிடும். கார்டு குறைவு, கேமரா சூடாகி நின்றுவிடும் தொல்லை குறைவு, பழைய கணினியிலும் எடிட்டிங் ஓடும். 1080பியில் எடுப்பது தவறே இல்லை. நல்ல வெளிச்சத்தில், சரியான ஃபோகஸில் எடுத்த 1080பி, மோசமாக எடுத்த 4கேயைவிட எவ்வளவோ மேல். அதை 4கே என்று சொல்லி விற்பதுதான் தவறு.

‘யூடியூப்பில் ஏற்றினால் தெளிவாகிவிடும்’ என்பது அடிக்கடி வரும் சமாதானம். பெரிதாக்கி ஏற்றிய கோப்புக்கு அந்தத் தளம் அதிக பிட்ரேட் (விநாடிக்கான தரவு அளவு) ஒதுக்குவதால் சுருக்கச் சேதம் சற்றுக் குறையும் என்பது உண்மை. கேமரா பிடிக்காத விவரம் அதனால் வந்துவிடாது. அந்தத் தளமே சாதாரண ஃபிரேம் வேகத்திலுள்ள 4கே கோப்புக்கு 35 முதல் 45 எம்பிபிஎஸ் வரை பரிந்துரைக்கிறது. இந்தத் தொகுப்பின் கோப்புகள் 12 எம்பிபிஎஸில் இருந்தன. எச்.264 என்ற வீடியோச் சுருக்க முறையில் அவ்வளவு குறைத்தால் லேத்தில் சுருள் பறக்கும் காட்சிகள் சதுரம் சதுரமாக உடையும், உடைந்துதான் இருந்தன.

இரண்டாவது கேமரா என்று சொன்னது ஒரு கைபேசி. எடிட் செய்யாத ஒரு கிளிப் தவறுதலாக ஃபோல்டரில் வந்துவிட்டதால் இது தெரிந்தது: 1920×1080, விநாடிக்கு 30 ஃபிரேம், அதுவும் நிலையாக இல்லாமல் மாறும் ஃபிரேம் வேகம். அதை 25 ஃபிரேம் டைம்லைனில் அப்படியே போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு 6 ஃபிரேமிலும் ஒன்று விழுந்துபோகும், அதாவது விநாடிக்கு 5 முறை அசைவு துள்ளும். எடிட்டிங் மென்பொருளில் வலது அம்பு விசையை ஒவ்வொரு தட்டாகத் தட்டிப் பாருங்கள். கை சீராக நகர்ந்துகொண்டே வந்து திடீரென்று இரட்டைத் தூரம் தாவினால் ஃபிரேம் விழுந்திருக்கிறது. ஒரே ஃபிரேம் இருமுறை நின்றால், குறைந்த வேகத்தில் எடுத்ததை உயர்த்தியிருக்கிறார்கள். 50 ஃபிரேம் என்று விற்கப்படும் 25 ஃபிரேம் வீடியோ இப்படித்தான் பிடிபடும். மாறும் ஃபிரேம் வேகத்தில் பதிந்த நீண்ட கிளிப்பில் உதட்டசைவும் ஒலியும் போகப்போக விலகும் என்பது தனித் தலைவலி.

படத்தைவிட ஒலியில்தான் இந்தத் தொகுப்பு அதிகம் நாசமாகியிருக்கிறது. பயிற்றுநர் பேச்சை நிறுத்திய ஒரு விநாடிக்குள் இயந்திரத்தின் இரைச்சல் பொங்கி மேலே வருகிறது. அவர் மறுபடி வாயைத் திறந்ததும் முதல் அசை வெடித்து, பிறகு அடங்குகிறது. இது தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாட்டின் வேலை: அமைதி வந்தால் ஏற்றும், சத்தம் வந்தால் இறக்கும். ஆட்டோ ஒலி என்ற அமைப்பை அணைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. யாரும் அணைக்கவில்லை.

அதற்கும் மேல் மைக்கின் தூரம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் குரல் சுமார் 6 டெசிபெல் இறங்கும். தாடைக்குக் கீழே 20 செ.மீ. தொலைவில் குத்த வேண்டிய காலர் மைக்குக்குப் பதிலாக 3.2 மீட்டர் தள்ளியிருக்கும் கேமரா மைக்கை நம்பினால் நான்கு இரட்டிப்பு, 24 டெசிபெல் இழப்பு. அறையின் எதிரொலியும் இயந்திரச் சத்தமும் இறங்காமல் அப்படியே இருக்கும். பிறகு இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் போட்டால் குரலும் சேர்ந்து கரைந்து, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். இங்கே ஆனது அதுதான். இதற்கு மறுபதிவு தவிர வேறு தீர்வு கிடையாது. ‘தனி ஒலிப்பதிவு’ என்று யாராவது சொன்னால் எந்த மைக், எங்கே குத்துவீர்கள், யார் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருப்பார் என்று மூன்று கேள்வியும் கேட்டுவிடுங்கள். எந்த அமைப்பில் பதிவீர்கள் என்பதற்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அருகில் என்று பதில் வந்தால் வேலை தெரிந்தவர். உச்சம் 0-ஐத் தொட்டு அலைவடிவத்தின் தலை தட்டையானால் அந்த இடம் திரும்பக் கிடைக்காது.

ஊரும் கரும்பட்டைகள் ஷட்டரால் வந்தவை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கின் ஒளி விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். அங்கே ஷட்டர் 1/50 அல்லது 1/100 விநாடியில் இருக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 1/60 அல்லது 1/120. ஷட்டரை ஆட்டோவில் விட்டால் வெளிச்சம் கூடும்போது அது வேறெங்கோ போய்ப் பட்டை விழும். டிம்மர் போட்ட மலிவான எல்இடி விளக்குகள் இந்தக் கணக்குக்கு அடங்காமலும் மினுக்கும். அதனால் ஷூட்டுக்கு முன் அதே விளக்குகளில் ஒரு சோதனை கிளிப் எடுத்து, கேமராவின் சின்னத் திரையில் அல்லாமல் பெரிய மானிட்டரில் பார்க்க வேண்டும். பின்னால் மென்பொருளில் ஓரளவு குறைக்கலாம், முழுதாகப் போகாது.

கலர் கிரேடிங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் வைட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்ததால் ஒரே ஷாட்டுக்குள் சுவர் மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மாறுகிறது. 8 பிட் படத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள்தான். அதை இழுத்துச் சரிசெய்யப் போனதில் சுவரில் வரிவரியாகப் படிக்கட்டு விழுந்திருக்கிறது. 10 பிட்டில் 1024 படிகள் இருப்பதால் இந்த அளவு திருத்தத்தைத் தாங்கும்.

வேலையை ஒரு குழுவிடம் ஒப்படைக்கும்போது ‘4கே வீடியோ’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். ‘கேமராவிலேயே 3840×2160, 25 ஃபிரேம், எச்.264 என்றால் குறைந்தது 100 எம்பிபிஎஸ்; எக்ஸ்போஷர், ஷட்டர், வைட் பேலன்ஸ், ஒலியளவு அனைத்தும் மேனுவல்; பேசுபவருக்குக் காலர் மைக்; கேமராவின் அசல் கோப்புகள் முழுவதும் ஒப்படைக்கப்படும்; சரிபார்த்து ஒப்புக்கொண்ட பிறகே கார்டு அழிக்கப்படும்’ என்று வரிவரியாக எழுதுங்கள். 30 ஃபிரேம் வேண்டுமென்றால் எல்லாக் கேமராவுக்கும் 30 என்று போடுங்கள், கலப்பு வேண்டாம். குழுவைத் தேர்ந்தெடுக்க, அவர்கள் செய்த வேலைகளின் துணுக்குகளைக் கோத்த ஷோரீலை நம்பாதீர்கள். இரண்டு விநாடிக்கு ஒரு வெட்டும் மேலே இசையும் இருந்தால் எந்தக் குறையும் மறையும். எடிட் செய்யாத, ஒருவர் பேசும் 30 விநாடி அசல் கிளிப்பைக் கேளுங்கள். வாட்ஸாப்பில் வீடியோவாக வாங்காதீர்கள், அது சுருக்கிவிடும். டிரைவ் இணைப்பாகவோ பென் டிரைவிலோ வாங்குங்கள்.

ஷூட் முடிந்த அன்றே, கார்டு அவர்கள் பையில் போவதற்கு முன், அசல் கோப்புகளை உங்கள் இரண்டு டிஸ்க்கில் நகலெடுத்து, கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த பைட் அளவையும் ஒப்பிடுங்கள். மீடியாஇன்ஃபோ உண்மையிலேயே பயன்படுவது இந்த அசல் கோப்புகளில்தான். எந்த அளவில், எத்தனை ஃபிரேமில், எத்தனை பிட்டில் பதிந்தது என்பதை அங்கே மறைக்க முடியாது.

ஏற்கனவே ஏமாந்துவிட்டவர்கள் கொடுக்கப்பட்ட கோப்புகளைப் பெயர் மாற்றாமல், எந்த மென்பொருளிலும் திறந்து மறுபடி சேமிக்காமல் அப்படியே வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் மீடியாஇன்ஃபோ அறிக்கையை உரைக்கோப்பாகச் சேமியுங்கள். டிஃபரன்ஸ் சோதனைப் படங்களையும் எந்த விநாடியில் எடுத்தது என்ற குறிப்போடு சேர்த்து வையுங்கள். முதல் கடிதத்தில் ஏமாற்றுக்காரர் என்று எழுத வேண்டாம். அசல் கேமரா கோப்புகளைத் தேதி குறித்து எழுத்தில் கேளுங்கள், மறுப்பு வந்தால் அதையும் எழுத்திலேயே வாங்குங்கள். ஒப்பந்த வரியும் அந்த மறுப்பும் கையில் இருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கவோ மறுபடி எடுத்துத்தரச் சொல்லவோ பேச்சு அங்கிருந்து தொடங்கும்.