வெபெக்ஸ் கன்ட்ரோல் ஹப்: உள்ளே வந்துவிட்டால் சுகம், வாசல் வரை நம் பாடு

எங்கள் அலுவலகத்தில் நெட்வொர்க்கைப் பார்ப்பதும் நான்தான், கூட்ட அறைகளில் இருக்கும் வீடியோ கருவிகளைப் பார்ப்பதும் நான்தான். அதனால் இந்த விமர்சனத்தை விளம்பரக் கையேட்டில் இருக்கும் அம்சங்களை வைத்து எழுதவில்லை. “மேடம், மீட்டிங் ஆரம்பிச்சாச்சு, ஸ்கிரீன்ல ஒண்ணும் வரல” என்ற போன் எவ்வளவு குறைந்தது என்பதுதான் என் அளவுகோல். அந்த வகையில், வெபெக்ஸ் வீடியோ கூட்டக் கருவிகளைக் கிளவுடிலிருந்து நிர்வகிக்கும் சிஸ்கோவின் தளமான கன்ட்ரோல் ஹப்புக்கு 5-க்கு 4 கொடுப்பேன். அந்த ஒரு மதிப்பெண்ணை ஏன் பிடித்துக்கொண்டேன் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் பிடித்தது. இங்கே கணக்கு கருவிக்கு இல்லை, அறைக்கு. ‘வொர்க்ஸ்பேஸ்’ என்று ஓர் அறையை உருவாக்குகிறோம்; அதற்கு நாள்காட்டி, அழைப்பு எண், இருப்பிடம் எல்லாம் சேர்க்கிறோம்; கடைசியில்தான் கருவியை அதற்குள் வைக்கிறோம். கருவி பழுதாகி வேறொன்று வந்தால் அறை அப்படியே இருக்கும். புதியதைப் பதிவு செய்து, டெம்ப்ளேட்டைப் போட்டால் ஒலி அளவு, தூங்கும் நேரம், நேர மண்டலம் போன்றவையும் வந்து உட்கார்ந்துவிடும். கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் ஒரு கருவியை மாற்றியதற்காக நாள்காட்டி ஆட்களையும் தொலைபேசி ஆட்களையும் துரத்தியவர்களுக்கு இதன் அருமை தெரியும். நிறைய அறைகள் என்றால் சிஎஸ்வி கோப்பில் பட்டியலிட்டு மொத்தமாக ஏற்றலாம்.

இதற்கு முன் இந்த வேலையைச் செய்தது டிஎம்எஸ். டேன்ட்பெர்க் என்ற நார்வே நிறுவனத்தின் மென்பொருள். 2010-இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கியபோது கூடவே வந்தது. அதற்கு ஒரு விண்டோஸ் சர்வர் வேண்டும், ஒரு எஸ்கியூஎல் டேட்டாபேஸ் வேண்டும், அந்த இரண்டையும் பராமரிக்க ஓர் ஆளும் வேண்டும். அது நெட்வொர்க்குக்கு உள்ளே உட்கார்ந்து கருவிகளைத் தேடிப் போய்ப் பேசும். கன்ட்ரோல் ஹப்பில் திசை தலைகீழ். கருவிதான் 443-ஆம் போர்ட் (இணையப் போக்குவரத்துக்கான எண்ணிட்ட வாசல்) வழியாக வெளியே போய் கிளவுடோடு இணைப்பு வைத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து உள்ளே வர ஃபயர்வாலில் (நெட்வொர்க்கின் காவல் சுவரில்) ஓட்டை போட வேண்டியதில்லை. சின்னக் கிளை அலுவலகத்தில் என்ஏடி-க்கு (பல கருவிகள் ஒரே வெளி முகவரியைப் பகிரும் ஏற்பாட்டுக்கு) பின்னால் இருக்கும் கருவிகூடப் பட்டியலில் பச்சைப் புள்ளியோடு தெரியும்.

சரி, குறை எங்கே? கருவி இணையத்தைத் தொட்ட பிறகுதான் கன்ட்ரோல் ஹப்புக்கு உயிர். அதற்கு முன்னால் நடப்பது எதுவும் அதற்குத் தெரியாது, அதில் அது உதவவும் முடியாது. பதிவு செய்ய 16 இலக்க ஆக்டிவேஷன் கோட் தரும். அதைக் கருவியின் டச் பேனலில் தட்ட வேண்டும். அதே நெட்வொர்க்கில் இருந்தால் கருவியின் சொந்த வலைப்பக்கத்திலும் கொடுக்கலாம். எப்படியும் ஓர் ஆள் வேண்டும். பழைய ஐபி போன்களுக்கு டிஎச்சிபி-யில் (கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் சேவை) 150-ஆம் ஆப்ஷனில், அமைப்புக் கோப்புகள் இருக்கும் டிஎஃப்டிபி சர்வர் முகவரியை எழுதிவைத்துவிட்டால் போதும், கேபிளைச் செருகியவுடன் தானே போய்த் தன் அமைப்பை எடுத்துக்கொள்ளும். அந்தச் சுகத்துக்குப் பழகிய கைக்கு 16 இலக்கம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

ஆக்டிவேஷன் கோட் விஷயத்தை விடுங்கள், அதைத் தட்டும் திரை வரைக்கும் வந்து சேர்வதே பெரிய கதை. நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கருவியின் கடிகாரம் தவறாக இருந்தால் சர்வரின் டிஜிட்டல் சான்றிதழ் (அதன் அடையாள அட்டை) இன்னும் செல்லுபடியாகவில்லை என்றோ காலாவதியாகிவிட்டது என்றோ முடிவுகட்டும், டிஎல்எஸ் என்ற மறையாக்க இணைப்பு விழும், பதிவு நடக்காது. திரையில் வரும் செய்தியைப் பார்த்து இது கடிகாரப் பிரச்சினை என்று யாருக்கும் தோன்றாது. இயல்பாக இந்தக் கருவிகள் பொது என்டிபி (நேரம் சொல்லும்) சர்வர்களிடம்தான் மணி கேட்கும் (அந்த சர்வர்களின் பெயரில் இன்றும் டேன்ட்பெர்க் இருக்கிறது, நிறுவனம் போனாலும் பெயர் போகவில்லை). வெளியே போகும் யுடிபி 123-ஐ (என்டிபி பயன்படுத்தும் போர்ட்) ஃபயர்வால் மூடிவைத்திருந்தால், டிஎச்சிபி-யின் 42-ஆம் ஆப்ஷனில் உள் என்டிபி சர்வரைக் கொடுத்துவிடுங்கள். எந்தக் கருவி வாங்கினாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அடுத்தது 802.1எக்ஸ், அதாவது நெட்வொர்க்கில் செருகும் கருவியை அடையாளம் பார்த்து உள்ளே விடும் முறை. ஸ்விட்ச் போர்ட்டில் சான்றிதழ் காட்டினால்தான் உள்ளே விடுவோம் என்பது நல்ல கொள்கை. ஆனால் பெட்டியிலிருந்து புதிதாக எடுத்த கருவியிடம் நம் நிறுவனத்தின் சான்றிதழ் எப்படி இருக்கும்? சான்றிதழ் ஏற நெட்வொர்க் வேண்டும், நெட்வொர்க் கிடைக்கச் சான்றிதழ் வேண்டும். நாங்கள் பிடித்த வழி இது: கருவியின் மேக் முகவரியை (அதன் நெட்வொர்க் அடையாள எண்) முன்கூட்டியே பதிந்துவைத்து, அதை மட்டும் பார்த்து ஒரு தனி வீலானுக்குள் (பிரித்துவைத்த நெட்வொர்க் பகுதிக்குள்) விடுகிறோம். அந்த வீலானில் டிஎன்எஸ் (இணையப் பெயரை முகவரியாக்கும் சேவை), என்டிபி, வெபெக்ஸ் முகவரிகள் தவிர வேறு எதற்கும் பாதை கிடையாது. பதிவு முடிந்ததும் சான்றிதழை ஏற்றி, 802.1எக்ஸ்-ஐ இயக்கி, நிரந்தர வீலானுக்கு மாற்றுகிறோம். சான்றிதழ் ஏற்றும் வேலையை ஒவ்வொரு கருவியின் வலைப்பக்கத்திலும் போய்ச் செய்யலாம். நான் எக்ஸ்ஏபிஐ (கருவிக்கு நிரல் மூலம் கட்டளை கொடுக்கும் இடைமுகம்) வழியாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவைத்திருக்கிறேன். அப்புறம், சான்றிதழ் காலாவதியாகும் தேதியை உங்கள் நாள்காட்டியில் குறித்துவையுங்கள். அது முடிந்தால் அறைகள் ஒவ்வொன்றாக அணையும்.

மூன்றாவது வில்லன் ப்ராக்ஸி, அதாவது இணையத்துக்குப் போகும் போக்குவரத்துக்கு நடுவில் நிற்கும் இடைத்தரகர். எங்களிடம் வேறொரு நிறுவனத்தின் பாதுகாப்புப் பெட்டி ஒன்று உண்டு, பெயர் வேண்டாம். டிஎல்எஸ் போக்குவரத்தைப் பிரித்துப் பார்த்து, தன் சான்றிதழைப் போட்டுத் திரும்ப ஒட்டி அனுப்பும். லேப்டாப்புகள் அந்தச் சான்றிதழை நம்பும், ஏனென்றால் நாம் நம்பச் சொல்லியிருக்கிறோம். வீடியோ கருவிக்கு அதை யாரும் சொல்லவில்லை, எனவே அது பேச மறுக்கும். அந்தச் சான்றிதழை நம்பவைக்கும் நிறுவனத்தின் ரூட் சான்றிதழைக் கருவியில் ஏற்றலாம். இல்லை, வெபெக்ஸ் முகவரிகளுக்குப் பிரித்துப் பார்ப்பதிலிருந்து விலக்கு கொடுக்கலாம். என் ஓட்டு விலக்குக்குத்தான். பாதுகாப்புக் குழுவிடம் அதை வாங்குவதற்குள் பாதி ஆயுள் போய்விடும் என்பது வேறு விஷயம்.

படமும் ஒலியும் போவது யுடிபி (தொலைந்ததைத் திரும்பக் கேட்காமல் வேகமாக அனுப்பும் முறை) 5004, 9000 போர்ட்களில். இவற்றை மூடினாலும் அழைப்பு நடக்கும், டிசிபி-க்கு (தொலைந்ததைத் திரும்ப அனுப்பும், நேரம் பிடிக்கும் முறைக்கு) இறங்கிவிடும். அதுதான் ஆபத்து. நடக்கிறதே என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். தரவுப் பாக்கெட் தொலையும் நேரத்தில் படம் உறையும், ஒலி இழுக்கும், பழி கேமரா மேல் விழும். இந்த இடத்தில் கன்ட்ரோல் ஹப் நல்ல பெயர் வாங்குகிறது. ஊடகம் டிசிபி வழியாகப் போகிறது என்று கருவியின் பக்கத்திலேயே எச்சரிக்கை வரும். டச் பேனல் தொடர்பில் இல்லை, என்டிபி பதில் சொல்லவில்லை என்பதெல்லாமும் அப்படியே. அலர்ட் விதி ஒன்றைப் போட்டுவைத்தால் கருவி ஆஃப்லைன் போனதும் மின்னஞ்சல் வரும். காலையில் முதல் கூட்டத்துக்கு முன்பே எந்த அறை செத்திருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் நான் இந்தச் சேவைக்கு ஓட்டுப் போட முக்கியக் காரணம்.

மென்பொருள் புதுப்பிப்பு தானாக வரும். எந்த நேரத்தில் ஏற வேண்டும் என்று நாம் சொல்லலாம், கொஞ்சம் ஒத்திப்போடலாம். ஆனால் பழைய பதிப்பிலேயே ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் சொகுசு கிளவுடில் இல்லை. எங்கள் குழு அதிகம் பயன்படுத்தும் அறையை மட்டும் ப்ரிவ்யூ சேனலில் (புதிய பதிப்பு முதலில் வரும் வரிசையில்) போட்டிருக்கிறேன், மற்றவை ஸ்டேபிளில். புதியது ஏதாவது முறுக்கினால் முதலில் திட்டு வாங்குவது நாங்களாகவே இருக்கட்டும்.

மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் பக்கம் சாய்ந்திருக்கும் நிறுவனங்களுக்கு ஒரு வார்த்தை. 2023 முதல் சிஸ்கோவின் சில கருவிகளில் டீம்ஸ் ரூம்ஸையே (கூட்ட அறைக்கான டீம்ஸ்) இயக்கலாம். கன்ட்ரோல் ஹப் அப்போதும் கருவியைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் டீம்ஸ் தரப்பின் நிர்வாகப் பக்கம் ஒன்று கூடுதலாகச் சேரும். அறையின் கணக்குக்குப் பாஸ்வேர்டு காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போனில் ஒப்புதல் கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் அந்தக் கணக்குக்கு வைக்கக் கூடாது, அறைக்கு ஏது போன்? இரண்டு பக்கத்திலும் ஒரே கருவி, எதில் எதை மாற்றுவது என்ற குழப்பம் கொஞ்ச காலம் இருக்கும். பாலி, லாஜிடெக் கருவிகளும் கலந்திருந்தால் அவற்றின் நிர்வாகத் தளங்களான பாலி லென்ஸ், லாஜிடெக் சிங்க் என்று இன்னும் இரண்டு ஜன்னல்கள். எல்லாம் ஒரே திரையில் என்ற கனவோடு வாங்காதீர்கள்.

அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், வெப்பநிலை என்ன என்றெல்லாம் வரைபடம் காட்டும். கட்டட நிர்வாகத்துக்குப் பிடிக்கும், எனக்குப் பெரிதாகப் பயன்படவில்லை. நிர்வாகப் பொறுப்புகளைப் பிரித்துக் கொடுக்க முடிவதுதான் பயன். கருவிகளை மட்டும் தொடக்கூடிய அட்மின் உரிமை தனியாக இருக்கிறது. உதவி மையத்தாருக்கு அதைக் கொடுத்துவிட்டு, முழு அட்மின் உரிமையை இரண்டு பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டிஎச்சிபி-யும் ஃபயர்வாலும் உங்கள் கையில் இருந்தால் தைரியமாக வாங்கலாம். அவை வேறொரு குழுவின் கையில் இருந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே மேலே சொன்ன போர்ட்களையும் விலக்குகளையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பழைய கருவியை வெளியே அனுப்பும்போது கன்ட்ரோல் ஹப் பட்டியலிலிருந்து நீக்கியதோடு விட்டுவிடாமல், கருவியையும் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். வைஃபை சாவியும் 802.1எக்ஸ் சான்றிதழும் அதற்குள்தான் இருக்கின்றன.