நாலு வருஷமாகப் பாத்திரம் விளக்கும் லிக்விடில் வேட்டி துவைக்கிறேன்

பந்தியில் சோற்றைக் குழி பறிக்காமல் ரசம் வாங்குகிற ஆள் என் நண்பன். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்தில் இலை அவன் பக்கமாகச் சரிந்திருக்கிறது. ரசம் சோற்றைச் சுற்றி வந்து, வழியில் கிடந்த சாம்பாரையும் கூட்டிக்கொண்டு நேராக மடியில் இறங்கிவிட்டது. கை கழுவும் இடத்திலிருந்தே போன் செய்தான். "டேய், நீ ஏதோ பாத்திரம் விளக்குற லிக்விட் போடுவியே, அது நெசமாவே கேக்குமா? இங்க சோப்பு போட்டேன், ரத்தம் மாதிரி செவந்துபோச்சுடா!"

போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எண்ணெய்க்கு வீட்டில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. நாலு வருஷத்துக்கு முன், பஜ்ஜிப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடி வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் சட்டைப் பை கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. துவைக்கிற சோப்பு தீர்ந்துபோயிருந்ததால் சிங்க் ஓரத்தில் இருந்த எலுமிச்சை வாசனை பாட்டிலை எடுத்தேன். அன்றிலிருந்து குளியலறையில் எனக்கென்று தனியாக ஒரு பாட்டில். வீட்டில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

இதில் ஒரு வரிசை இருக்கிறது. எண்ணெய் பட்டதும் தண்ணீருக்கு ஓடக் கூடாது. முதலில் முகப் பவுடர். கறை மேல் தாராளமாகத் தூவிவிட்டு அரை மணி நேரம் மறந்துவிட வேண்டும். பிறகு கரண்டிக் காம்பால் சுரண்டினால், பவுடர் பிசைந்த மாவு போலத் திரண்டு வரும். அதில் பாதி எண்ணெய் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் துணியைத் திருப்பி, பின்பக்கம் இரண்டு சொட்டு லிக்விட் விட்டுக் கட்டைவிரலால் மெதுவாகத் தேய்த்துக் கால் மணி நேரம் விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அலச வேண்டும். நெய்யும் ஆட்டுக் கொழுப்பும் பச்சைத் தண்ணீரில் உறைந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும், அதற்குத்தான் அந்தச் சூடு. முட்டை, பால் என்றால் நேர்மாறு: சூடு பட்டால் துணியிலேயே வெந்துவிடும்.

இரண்டு சொட்டு என்றால் இரண்டே சொட்டு. ஒரு தடவை அலசாமல் அப்படியே மெஷினில் போட்டுவிட்டேன். கண்ணாடிக் கதவு முழுக்க நுரை. மூன்று முறை அலச விட்டும் சட்டையைப் பிழிந்தால் நுரைத்தது.

சரி, இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். ஈரமாக இருக்கும்போது எந்தத் துணியும் சுத்தம்தான். அலசிப் பிழிந்து வெளிச்சத்தில் பிடித்தால் கறை இருந்த இடமே தெரியாது. வெற்றி வெற்றி என்று கொடியில் போட்டுவிட்டுப் போவோம். மத்தியானம் எடுக்கப் போனால், அதே இடத்தில், அதே வட்டம், ஓரம் மட்டும் கொஞ்சம் அழுத்தமாக உட்கார்ந்திருக்கும். துணி முழுக்க நனைந்து ஒரே நிறமாகிவிடுவதால் மிச்ச எண்ணெய் அதற்குள் ஒளிந்துகொள்கிறது, காய்ந்ததும் வெளியே வருகிறது. காரணம் தெரியும். தெரிந்து என்ன, நாலு வருஷமாக மாதம் ஒரு முறையாவது ஏமாறுகிறேன். பாலியஸ்டர் கலந்த சட்டை என்றால் இன்னும் மோசம். பருத்தி ஒரு சுற்றில் விட்டுக்கொடுத்தால், இது மூன்று சுற்று கேட்கும்.

இந்த வட்டத்தைக் கவனிக்காமல் இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. அப்படி ஒரு வேட்டியை வெள்ளை வெளேரென்று வாங்கிவந்து பீரோவில் வைத்தேன். தீபாவளிக்கு எடுத்தபோது தொடைப் பக்கம் எட்டணா அகலத்துக்குப் பழுப்பு. மிச்ச எண்ணெய் சூட்டில் இறுகி, மாசக்கணக்கில் காற்றுப் பட்டு நிறம் மாறிவிட்டது. அந்தப் பழுப்பை லிக்விட் தொடக்கூட மாட்டேன் என்கிறது.

நண்பனின் ரத்தச் சிவப்புக்கு வருவோம். அது மஞ்சள். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், துவைக்கிற சோப்பில் காரம் இருக்கிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து சிவக்க வைக்கிறோமே, அதேதான். அன்றைக்கு மாப்பிள்ளைக்குச் சுற்றியதையும் இவன் வேட்டியையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரிந்திருக்காது. எலுமிச்சம்பழம் பிழிந்தால் பழையபடி மஞ்சளாகும், ஆனால் போகாது. லிக்விடும் எண்ணெயைத்தான் எடுக்கும், மஞ்சளை வைத்துவிட்டுப் போய்விடும். மஞ்சளைப் போக்குவது வெயில். அலசிய வேட்டியை ஈரத்தோடு மொட்டை மாடியில் உச்சி வெயிலில் கறை மேலே தெரியும்படி போட்டால், சாயங்காலத்துக்குள் பாதி வெளுத்துவிடும், மறுநாள் தேடினாலும் கிடைக்காது. நாலு வருஷத்தில் என்னை ஒரு முறைகூட ஏமாற்றாதது இந்த வெயில்தான், அதற்குக் காசும் கிடையாது. இதே வைத்தியத்தை எலுமிச்சையோடு சேர்த்து ஒரு கருநீலச் சட்டைக்குச் செய்தேன். மஞ்சள் போனது, கூடவே நீலமும் போனது. சாயத் துணிக்கு வேண்டாம். பட்டுக்கு எதுவுமே வேண்டாம், பவுடரைத் தூவித் தட்டிவிட்டு டிரைகிளீனிங்குக்குக் கொடுத்துவிடுங்கள்.

சமையல் சோடாவில் வினிகரை ஊற்றச் சொல்கிறார்களே, அதையும் பார்த்துவிட்டேன். புஸ்ஸென்று பொங்குகிறது. புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்டு அடங்கிவிடுகின்றன. பார்க்க நன்றாக இருக்கிறது, கறைக்கு அந்தச் சண்டையில் சம்பந்தமே இல்லை.

மதிப்பெண் என்று கேட்டால் போன வாரம் வரைக்கும் ஐந்துக்கு நாலு கொடுத்திருப்பேன். இன்று காலை ஆபீஸுக்குப் போட எடுத்த சட்டையில், பொத்தானுக்குப் பக்கத்தில், நேற்று வெற்றி வெற்றி என்று காயப்போட்ட அதே தோசை எண்ணெய் வட்டம். இரண்டு. அதற்கு மேல் தர மனசு வரவில்லை.

நண்பன் நேற்று மறுபடி பேசினான். சொன்னபடியே எல்லாம் செய்தானாம், மஞ்சள் சுத்தமாகப் போய்விட்டதாம். "ஆனா ஓரமா லேசா ஒரு வட்டம் தெரியுதுடா, அதுக்கு என்ன பண்ண?"

புது வேட்டி வாங்கிக்கோ என்று சொல்லிவிட்டேன்.