விபத்து இழப்பீட்டு வழக்கு: செலவு யார் தலையில்?

ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் பிக்கப் வண்டி கவிழ்ந்து, மிளகு பறிக்கப் போன பெண்ணுக்குக் கால் முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கையில் முதல் தகவல் அறிக்கையின் ஜெராக்ஸும் ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பியும் (விபத்துப் பதிவேட்டின் நகல்) இருக்க, சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்துக்கு வந்து நிற்கும் அவருக்கு முதலில் எழும் கேள்வி செலவைப் பற்றியதாகத்தான் இருக்கும். அதற்கான வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்போம்.

பெரும்பாலானோர் போகும் வழி, 'முன்பணம் வேண்டாம், வந்த பிறகு பர்சன்டேஜ்' என்று வாய்மொழியாகப் பேசிக்கொள்வது. தொடக்கத்தில் ஒரு ரூபாயும் கேட்காததால் இது பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகள் தடை செய்கின்றன. தடை இருப்பதாலேயே ஒப்பந்தம் எழுத்தில் வருவதில்லை. எழுத்தில் இல்லாததால் பங்குக்கு உச்சவரம்பும் இல்லை. 8 லட்சம் ரூபாய் தீர்ப்பில் கால் பங்கு என்றால் 2 லட்சம் போய்விடும். மருத்துவச் செலவுக்கு வாங்கிய கடன் அப்படியே நிற்கும்.

இங்கிலாந்தில் இதே பங்கு முறை வெளிப்படையாகவே நடக்கிறது. 2013 ஏப்ரலுக்குப் பிறகு அங்கே தனிநபர் காய வழக்குகளில் வழக்கறிஞர் பெறும் வெற்றிக் கட்டணம், எதிர்கால இழப்புக்கான தொகை நீங்கலான இழப்பீட்டில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தோற்றாலும், அடிப்படை நேர்மையின்மை போன்ற சில விலக்குகள் தவிர, எதிர்த்தரப்பின் செலவைக் காயமடைந்தவர் தம் கையிலிருந்து கொடுக்க வேண்டியதில்லை.

தோற்றவரை எதிர்த்தரப்பின் செலவிலிருந்து காக்கும் அப்படி ஒரு விதி நம்மிடம் எழுதப்படவில்லை. ஆனால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் அதன் தேவை குறைவு. மனு தள்ளுபடியானால் பெரும்பாலும் 'செலவுத்தொகை இல்லை' என்றே உத்தரவு வரும். வாகனம் சம்பந்தப்படாத காயத்தில்தான், உதாரணமாகச் சுற்றுச்சுவர் இடிந்து விழுந்தால், சிக்கல். அது சிவில் வழக்கு. தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 3 விழுக்காடு, 8 லட்சத்துக்கு 24,000 ரூபாய். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 33-ஆவது கட்டளைப்படி வறியவர் என்று மனுச்செய்து அதைத் தள்ளிவைக்கலாம். தோற்றால் அந்தக் கட்டணத்தையே கட்டச் சொல்வார்கள். எதிர்த்தரப்பின் செலவிலிருந்து அந்த மனு காப்பாற்றாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

என் கணிப்பில் அதிகம் பயன்படுத்தப்படாத வழி, இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானக் கணக்கே பார்ப்பதில்லை. நம் மிளகு பறிக்கும் பெண், பெண் என்ற ஒரே காரணத்தால் தகுதி பெறுகிறார். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் ஆணாயினும் அவ்வாறே. நியமிக்கப்படும் வழக்கறிஞர் கட்சிக்காரரிடம் பணம் கேட்கக் கூடாது. குறையும் உண்டு: ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் விபத்து வழக்கில் ஒரே அளவு பழக்கம் இருப்பதில்லை. ஊனச் சான்றிதழை எப்போது வாங்க வேண்டும், வருமானத்தை எதைக் கொண்டு நிரூபிப்பது என்பதை நாமே கேட்டுத் தொடர வேண்டியிருக்கும்.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும், காத்திருப்பும் சுருங்கும். ஆனால் அந்தத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. ஆகவே ஊன விழுக்காடு உறுதியாகும் முன் கையெழுத்திடுவது, எந்த வக்கீல் பங்கையும்விட அதிக விலை கொண்ட பிழையாக முடியலாம்.

வழியைத் தேர்ந்துகொண்டே நாளைக் கடத்தவும் இடமில்லை. விபத்து நடந்த 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்க வேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குகள் போயிருந்தாலும், அவற்றை நம்பிக் காத்திருக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். விபத்து எங்கே நடந்திருந்தாலும், காயமடைந்தவர் குடியிருக்கும் எல்லைக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம் என்பதால், வெளியூரில் அடிபட்ட ஏற்காட்டுக்காரரும் வழிச்செலவைச் சேலம் பஸ் டிக்கெட்டோடு முடித்துக்கொள்ளலாம்.