மாலம் கிராமத்தில் குழந்தைகளோடு நடக்க: அருவிப் பக்கமா, பாறைப் பக்கமா?

யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவின் தெற்குப் பகுதியில் இருக்கிறது இந்த இங்கிலாந்துக் கிராமம், மால்ஹாம். எழுதுவதுதான் அப்படி, உள்ளூர்க்காரர்கள் சொல்வது மாலம். நாங்கள் லீட்ஸில் இருப்பதால் காரில் ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடக் குறைய. போன வருடம் ஒரு தடவை, இந்த மே மாதம் ஒரு தடவை என்று இரண்டு வழிகளிலும் குடும்பத்தோடு நடந்துவிட்டோம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று முடிந்து நான்கு நடக்கிறது, இந்த முறை ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவும் கூட. "எந்த வழி நல்லது?" என்று இங்கே இருக்கும் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அருவிக் கட்சி.

ஊரிலிருந்து முக்கியமாக இரண்டு திசை. வடக்கே போனால் மாலம் கோவ், ஏறத்தாழ 80 மீட்டர் உயரத்துக்கு அரைவட்டமாக நிற்கும் சுண்ணாம்புப் பாறைச் சுவர். கிழக்கே போனால் ஜேனட்ஸ் ஃபாஸ் என்ற சின்ன அருவியும் அதைத் தாண்டி கோர்டேல் ஸ்கார் என்ற பாறை இடுக்கும். இரண்டையும் சேர்த்து ஒரே வட்டமாக நடப்பவர்கள்தான் அதிகம், சுமார் 8 கிலோமீட்டர் வரும். போன வருடம் நாங்கள் செய்ததும் அதுதான். செய்திருக்கக் கூடாது.

கோவ் அழகு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பனியுகம் முடிந்த காலத்தில் உருகிய நீர் அந்த விளிம்பிலிருந்து அருவியாகக் கொட்டியிருக்கிறது. இப்போது மேலே சொட்டு நீர் கிடையாது, அடியில் மட்டும் ஓடை பாறைக்குள்ளிருந்து வெளியே வருகிறது. (2015 டிசம்பரில் புயல் மழை கொட்டித் தீர்த்தபோது மட்டும் கொஞ்ச நேரம் மேலிருந்து மறுபடி அருவி விழுந்ததாம், பார்த்தவர்கள் புண்ணியவான்கள்.) அடிவாரம் வரை பாதை நல்ல பாதை. புஷ்சேர் (குழந்தைத் தள்ளுவண்டி) தள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தேன். வசந்த காலத்தில் பாறையில் கூடு கட்டும் வல்லூறுகளைத் தொலைநோக்கி வைத்துக் காட்டுவார்கள், என் மகள் அங்கிருந்து நகர மாட்டேன் என்று நின்றாள். அடிவாரம் வரை போய்த் திரும்புவதென்றால் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

ஆனால் யாரும் அத்தோடு திரும்புவதில்லையே. இடது பக்கம் கல்படிகள் தெரியும், ஏறத்தாழ 400 படி. குழந்தைகள் "மேலே போகலாம்" என்பார்கள், நாமும் "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்" என்போம். மேலே ஏறினால் சுண்ணாம்புக்கல் தளம். பெரிய பெரிய பாறைத் துண்டுகள், நடுநடுவே ஆழமான வெடிப்புகள், வெடிப்புக்குள் பெரணிச் செடிகள். பெரியவர்களுக்கு அருமையான இடம். சின்னவனுக்கு ஒவ்வொரு இடைவெளியும் கால் மாட்டிக்கொள்ளும் பொறி. எத்தனையோ ஆயிரம் பேர் நடந்து கல் வழுவழு என்று தேய்ந்திருக்கிறது, தூறல் போட்டால் சோப்பு தடவியது மாதிரி. அந்தப் பக்கம் செங்குத்து விளிம்பு, வேலி எதுவும் கிடையாது. நாங்கள் அங்கே நின்ற இருபது நிமிடமும் இரண்டு கையிலும் இரண்டு குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் ஞாபகம் இருக்கிறது, காட்சி எதுவும் ஞாபகம் இல்லை.

இங்கேதான் என்னுடைய ஒரே முக்கியமான விஷயம் வருகிறது. தூரம், ஏற்றம், சேறு எல்லாம் இரண்டாம் பட்சம். குழந்தைகளோடு நடக்கும் வழிக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்க வேண்டும்: பாதியில் திரும்பினால் என்ன ஆகும்?

வட்டப் பாதையில் பாதி தாண்டிவிட்டால் திரும்புவதும் ஒன்றுதான், முன்னே போவதும் ஒன்றுதான். நாங்கள் முதலில் அருவி, பிறகு கோர்டேல், அப்புறம் மேய்ச்சல் நிலத்தில் ஏறி கோவின் தலைப்பக்கமாக வந்தோம். அந்த ஏற்றத்தில் மரம் கிடையாது, ஒதுங்க இடம் கிடையாது, காற்றும் ஆடுகளும்தான். அங்கேதான் மகன் உட்கார்ந்தான். "கால் வலிக்குது, தூக்கு." தூக்கினேன். கோவ் உச்சிக்கு வருவதற்குள் தோளிலேயே தூங்கிவிட்டான். தூங்குகிற பிள்ளையைச் சுமந்துகொண்டு அந்தத் தேய்ந்த கல்லைத் தாண்டி, ஏறி வருகிற கூட்டத்துக்கு வழி விட்டு விட்டு, சமமில்லாத 400 படிகளில் இறங்கியது இருக்கிறதே, என் முட்டி மூன்று நாள் பேசியது. வேறு வழியும் இல்லை, கார் கீழே ஊரில் இருக்கிறது.

அருவி வழியில் இந்தப் பிரச்சினையே எழாது. ஊரில் சின்னப் பாலத்தில் ஓடையைத் தாண்டினால் புல்வெளி. கல் சுவர்கள், பழைய களஞ்சியங்கள், ஒவ்வொருவராக நுழைகிற கிஸ்ஸிங் கேட்டுகள் (பிள்ளைகளுக்கு அதுவே ஒரு விளையாட்டு), ஏப்ரல் மே என்றால் ஆட்டுக்குட்டிகள். பிறகு பாதை மரங்களுக்குள் நுழையும், ஓடையும் கூடவே வரும். மே மாதத்தில் அந்தச் சோலைத் தரை முழுக்கக் காட்டுப் பூண்டு வெள்ளையாகப் பூத்திருக்கும். உள்ளே கால் வைத்ததும் அம்மா நின்று மூக்கை உறிஞ்சி, "யாரு இங்க பூண்டு நசுக்கினது?" என்றார். ஒரு இலையைப் பறித்து முகர்ந்துவிட்டு ரசத்துக்கு ஆகுமா என்று ஆராய்ச்சி வேறு.

ஊரிலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டரில் அருவி. குற்றாலத்தை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், ரொம்ப உயரமெல்லாம் கிடையாது. ஆனால் விழுகிற இடம் அழகு. நீரில் கரைந்த சுண்ணாம்பு பாசி மேல் படிந்து படிந்து பாறையே ஒரு திரைச்சீலை மாதிரி ஆகியிருக்கிறது. பின்னால் இருக்கும் குகையில் தேவதைகளின் ராணி ஜேனட் குடியிருக்கிறாள் என்பது கதை. ஃபாஸ் என்பது வைக்கிங் ஆட்கள் விட்டுப்போன சொல், அருவி என்றுதான் அர்த்தம். கீழே இருக்கும் குட்டையில் ஒரு காலத்தில் ரோமம் கத்தரிக்கும் முன் ஆடுகளைக் கழுவுவார்களாம். பக்கத்தில் விழுந்து கிடக்கும் மரத்தில் ஆயிரக்கணக்கான காசுகளை அறைந்து வைத்திருக்கிறார்கள். தனக்கும் ஒரு காசு வேண்டும் என்று மகன் பிடித்த அடம் தனிக் கதை.

சரி, இங்கே களைத்தால் திரும்பிவிடலாம். ஒன்றும் விட்டுப்போன மாதிரி இருக்காது, பார்க்க வந்ததைப் பார்த்தாகிவிட்டது. தெம்பு இருந்தால் மேலே ஏறிச் சாலையில் சில நிமிடம் (நடைபாதை கிடையாது, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்), பாலத்தை ஒட்டிய கதவு வழியே மறுபடி புல்வெளி. அங்கே ஓடை ஆழமில்லாமல் பரந்து ஓடும், எங்கள் வீட்டு ஆட்கள் முக்கால் மணி நேரம் கல் எறிந்தார்கள். இன்னும் தெம்பு இருந்தால் கோர்டேல் ஸ்கார். இரண்டு பக்கமும் 100 மீட்டருக்கு மேல் பாறை நெருங்கி வரும், வளைவில் திரும்பியதும் அருவி, மகள் வாயைப் பிளந்தாள். அங்கே அருவியின் ஓரமாகத் தொற்றி மேலே ஏறுகிறவர்கள் உண்டு. நீங்கள் ஏறாதீர்கள். ஆக ஒரே வழியில் மூன்று இடத்தில் திரும்பலாம், எங்கே திரும்பினாலும் நஷ்டமில்லை. அம்மா முதல் அருவிக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார், நாங்கள் போய்விட்டு வந்து அழைத்துக்கொண்டோம்.

குறையும் உண்டு. சோலைக்குள் வேரும் கல்லும், அதனால் புஷ்சேர் வேலைக்கு ஆகாது, பிள்ளையை உட்கார வைத்து முதுகில் சுமக்கும் பை இருந்தால் நல்லது. விடுமுறை நாளில் பதினொரு மணிக்கு மேல் அருவிக் கரையில் கால் வைக்க இடமிருக்காது, எட்டரைக்கே போனதால் தப்பித்தோம். இரண்டு முறையும் நாங்கள் போனது மே மாதத்தில்தான், மழைக்காலச் சேற்றைப் பற்றி நான் சொல்வதைவிட ஒரு ஜோடி வெல்லிங்டன் பூட்ஸ் (உயரமான ரப்பர் பூட்ஸ்) சொல்வதைக் கேளுங்கள்.

மாலம் டார்ன் என்ற ஏரியைப் பற்றியும் கேட்கிறார்கள். மேலே தனியாக கார் நிறுத்திவிட்டு அகலமான மண்பாதையில் போகலாம், சக்கரத்துக்குத் தோது. ஒரே ஒரு முறை போனோம், அதுவும் பலத்த காற்றில், பாதியில் காருக்கு ஓடி வந்துவிட்டோம். ஒரு நாளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஸ்கிப்டனிலிருந்து பேருந்து உண்டு, ஆனால் அடிக்கடி கிடையாது, திரும்பும் நேரத்தைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

மகள் மட்டும் இன்னும் அந்த 400 படியை விடவில்லை. அடுத்த தடவை அவளும் அவள் அப்பாவும் அந்தப் பக்கம், நானும் சின்னவனும் ஓடைப் பக்கம் என்று ஒப்பந்தம். அவன் இப்போதே சட்டைப்பையில் இரண்டு பென்ஸ் காசு எடுத்து வைத்திருக்கிறான்.