அரபிச் சொற்பயிற்சிப் புத்தகத்தில் கியூஆர் கோடு: நாலு செமஸ்டர் ஓட்டிப் பார்த்ததில்

கோவை, ஈரோடு பக்கம் கல்லூரியில் அரபியை மொழிப்பாடமாக எடுத்தவர்களுக்கான புத்தகம் இது. பாடத்துக்கு ஒரு கியூஆர் கோடு. அந்தக் கோடு ஒலிக்கு மட்டும் இருந்தால் போதும். அசையும் படம், வினாடிவினா எல்லாம் முதல் மாதத்தோடு சரி, அப்புறம் யாரும் திறப்பதில்லை.

ஒலி ஏன் வேண்டும் என்றால், தமிழில் எழுதும்போது இதயமும் 'கல்ப்', நாயும் 'கல்ப்'. இதயத்தின் முதலெழுத்து உள்நாக்கை ஒட்டிப் பிறப்பது; நாயினுடையது நம்முடைய ககரம். இரண்டு எழுத்தின் பெயரையும் தமிழில் 'காஃப்' என்றுதான் எழுத முடிகிறது! பக்கம் பக்கமாக விளக்கினாலும் காதில் விழாமல் இது பிடிபடாது.

ஒரு கோப்புக்கு 10 சொல்லே அளவு. சொல்லை இரண்டு முறை சொல்லி, திருப்பிச் சொல்ல 3 விநாடி விட்டு, பன்மையையும் சேர்க்க வேண்டும். 'கிதாப்' பன்மையில் 'குதுப்' ஆகும், 'கலம்' 'அக்லாம்' ஆகும், சூத்திரத்தில் அடங்காது. மோனோ (ஒற்றைத் தட) எம்பி3, நொடிக்கு 64 கிலோபிட் (கேபிபிஎஸ்) வைத்தால் 2 நிமிடம் 1 எம்பிக்குள் அடங்கும். பதிவிறக்க வசதி கட்டாயம்; வால்பாறை மலைப்பாதையில் சிக்னலை நம்ப முடியாது.

அதிகம் படுத்தியது லிங்க்தான். ஆசிரியரின் கல்லூரி மின்னஞ்சல் கணக்கில் இருந்த கூகுள் டிரைவ் லிங்கை நேராக அச்சிட்டிருந்தார்கள். அவர் வேலை மாறினார், கணக்கு மூடப்பட்டது, அச்சான கோடெல்லாம் செத்தது. சொந்த டொமைனில் சின்ன முகவரி வைத்து, அங்கிருந்து ஒலிக்குத் திருப்பிவிட்டால் கோப்பு எங்கே போனாலும் புத்தகம் பிழைக்கும். இன்னொரு லாபமும் உண்டு. 82 எழுத்து டிரைவ் லிங்குக்குக் கியூஆர் கோட்டில் 37க்கு 37 கட்டம் ஆகிறது. 26 எழுத்துக்குள் சுருக்கினால் 25க்கு 25. பாதிப் பேர் கையில் இருப்பது ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ். அதில் 2 செ.மீ. சதுரத்தில் நெருக்கமான கட்டங்கள் மை பூசிக்கொள்ளும், பெரிய கட்டங்கள் தப்பிக்கும். சுற்றிலும் 4 கட்ட வெள்ளை விட மறந்தால் ஃபோன் வாசிக்கத் தடுமாறும்.

மறக்காமல் இருக்க அன்கி செயலி; சொல் அட்டைகளை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் காட்டும். புதுச்சொல் ஒரு நாளைக்கு 20 என்ற இயல்பு அமைப்பை 7ஆகக் குறைத்தால்தான் தேர்வு மாதத்தில் பாக்கி குவியாது. அதில் ஏற்றும் எக்செல் சொற்பட்டியலைச் சாதாரண சிஎஸ்வியாக (வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்தால் அரபி முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். யுடிஎஃப்-8 சிஎஸ்வி என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் பாடம் மட்டும் அருமை. மஞ்சள் மண்டியில் புழங்கும் அசல், நகல், பாக்கி, வசூல், மகசூல் எல்லாம் அரபியிலிருந்து வந்த சொற்கள், சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். ஆனால் 'வக்கீல்' அரபியில் முகவர், வழக்கறிஞர் 'முஹாமி'. 'பதில்' அங்கே 'பதல்', பொருள் மாற்று. நம் பதிலுக்கு 'ஜவாப்'. இந்த இரண்டையும் சிவப்பில் அச்சிட்டிருக்கலாம். ஜெராக்ஸில் அதுவும் கறுப்பாகத்தான் வரும், அடிக்கோடே மேல்.