அறுந்த தரவு இணைப்பு: தேடிக் காட்டுவதா, பாதையை மாற்றுவதா, பொதியாகக் கட்டுவதா?

தரவுக் கோப்புகளைப் படித்து அறிக்கை தயாரிக்கும் பழைய வொர்க்ஃப்ளோ (படிகளின் தொடர்) ஒன்றைத் திறந்தேன். 14 உள்ளீடுகளிலும் பிழைக்குறி. பாதையைப் பார்த்தால், அதை முதலில் கட்டியவரின் மடிக்கணினியில் இருந்த டவுன்லோட்ஸ் கோப்புறை. அவர் வேலையை விட்டுப் போய் வெகுநாளாகிறது. கோப்புகள் மட்டும் பொதுச் சேமிப்பகத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. தரவு இருக்கிறது, அதற்குப் போகும் வழிதான் இல்லை.

இந்த நிலையில் முதலில் கை போவது, ஒவ்வொரு உள்ளீடாகச் சொடுக்கிப் புதிய இடத்தைத் தேடிக் காட்டுவதற்குத்தான். ஒன்றிரண்டு கோப்புகள் என்றால் இதுவே போதும்; வேறு வழி யோசிப்பது வீண். 14 என்றால் கண் சோர்ந்துவிடும். ஒன்பதாவதோ பத்தாவதோ கோப்பில், அதே பெயர் கொண்ட முந்தைய மாதப் பிரதியைக் காட்டிவிட்டேன். நெடுவரிசைகள் அச்சு அசலாக ஒன்றே. வொர்க்ஃப்ளோ சிறு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடி முடிந்தது. ஒரு பிரிவின் மொத்தம் மட்டும் முந்தைய அறிக்கையோடு இம்மி பிசகாமல் ஒத்துப்போன பிறகுதான் உறைத்தது. அறுந்த இணைப்பாவது கத்தும். தவறான இணைப்பு வாயே திறக்காது.

அன்றிலிருந்து மொத்தமாக மாற்றும் வழியைத்தான் முதலில் தேடுகிறேன். தரவைப் பதப்படுத்தும் மென்பொருளான ஆல்டெரிக்ஸில் ‘வொர்க்ஃப்ளோ டிபென்டென்சீஸ்’ சாளரம் எல்லாக் கோப்புகளையும் ஒரே பட்டியலில் காட்டுகிறது. தவறான மாதம் அங்கே பளிச்சென்று தெரியும். அங்கிருந்தே எல்லாவற்றையும் சார்புப் பாதையாகவோ (வொர்க்ஃப்ளோ இருக்கும் இடத்திலிருந்து சொல்லும் வழி) யுஎன்சி பாதையாகவோ (சர்வரின் பெயரில் தொடங்கும் வழி) மாற்றிவிடலாம். ஆல்டெரிக்ஸின் ஒய்எக்ஸ்எம்டி கோப்பு, காட்சி அறிக்கை மென்பொருளான டேப்லோவின் டிடபிள்யூபி கோப்பு இரண்டும் உள்ளே வெறும் எக்ஸ்எம்எல் உரைதான் என்பதால், உரைத் தொகுப்பியில் திறந்து பழைய பாதையைத் தேடி மாற்றுவதும் நடக்கும். பிரதி எடுத்து வைக்காமல் இதில் கை வைக்க வேண்டாம்.

சார்புப் பாதை எனக்குப் பிடித்த வழி. கோப்பு ‘இந்த வொர்க்ஃப்ளோவுக்குப் பக்கத்துக் கோப்புறையில்’ இருக்கிறது என்று சொல்லிவிட்டால், கோப்புறையை அப்படியே எங்கே தூக்கிப் போனாலும் இணைப்பு அறுவதில்லை. நைம் என்ற மென்பொருள் இதில் தாராளம்: கோப்பைப் படிக்கும் நோடிலேயே (வொர்க்ஃப்ளோவின் ஒரு படி) நடப்பு வொர்க்ஃப்ளோவைச் சார்ந்து பாதை கொடுக்கலாம், அல்லது வொர்க்ஃப்ளோவின் சொந்தத் தரவுப் பகுதியிலேயே கோப்பை வைத்துவிடலாம். ஆனால் தரவு வேறொரு டிரைவில் இருந்தால் சார்புப் பாதைக்கு இடமே இல்லை. அப்போது யுஎன்சி பாதைதான் கதி. ஒரே பகிர்வுக் கோப்புறை என் கணினியில் இசட் டிரைவாகவும் சக ஊழியரின் கணினியில் ஒய் டிரைவாகவும் தெரியும். சர்வரின் பெயரில் தொடங்கும் பாதைக்கு இந்தக் குழப்பம் கிடையாது.

மைக்ரோசாஃப்டின் அறிக்கை மென்பொருளான பவர் பிஐ, உள்ளூர்க் கோப்புக்குச் சார்புப் பாதையை ஏற்பதே இல்லை. முழுப் பாதை கேட்டு அடம்பிடிக்கும். அங்கே கோப்புறைப் பாதையை ஒரு பாராமீட்டராக (ஒரே இடத்தில் வைத்து மாற்றக்கூடிய மதிப்பு) வைத்து, எல்லா வினவல்களும் அதிலிருந்தே பாதையை எடுக்கும்படி செய்வதுதான் சரி. தொடக்கத்தில் அரை மணி நேரம் கூடுதலாகச் செலவாகும். பிறகு இடம் மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். வெளியிட்ட அறிக்கையின் பாராமீட்டரை இணையத்தில் உள்ள அமைப்புகளிலேயே மாற்றிவிடலாம். குழுவாக வேலை செய்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

தரவையும் சேர்த்துப் பொதியாகக் கட்டுவது இன்னொரு வழி. டேப்லோவின் டிடபிள்யூபிஎக்ஸும் ஆல்டெரிக்ஸின் ஒய்எக்ஸ்இசட்பியும் அப்படிப்பட்டவை. மின்னஞ்சலில் ஒருவருக்கு அனுப்ப அருமை. ஆனால் உள்ளே போன கோப்பு அன்றைய நிலையிலேயே உறைந்துவிடுகிறது. மாதாமாதம் ஓட வேண்டிய வேலைக்கு இது பழுதுபார்ப்பே அல்ல.

பாதையைச் சரிசெய்த பின்னும் சிவப்புப் பிழைக்குறி மறையாவிட்டால், பெரும்பாலும் நெடுவரிசையின் பெயரை யாரோ மாற்றியிருப்பார்கள். டேப்லோவில் சிவந்து நிற்கும் புலத்தை வலச்சொடுக்கி ‘ரீப்ளேஸ் ரெஃபரன்சஸ்’ கொடுத்தால், அதை நம்பியிருக்கும் கணக்கீடுகளும் சேர்ந்தே மாறிவிடும். தரவு மூலத்தையே முழுதாக மாற்றப் போனால் நிறங்களும் மாற்றுப்பெயர்களும் சில சமயம் உதிர்ந்துவிடும். எனவே முதலில் இணைப்பைத் திருத்திப் பார்ப்பேன். பவர் பிஐயில் பெரும்பாலும் குற்றவாளி, நெடுவரிசைகளின் தரவு வகையை அமைக்கத் தானாகச் சேரும் ‘சேஞ்ச்டு டைப்’ படி. நெடுவரிசைப் பெயர்கள் அதில் அப்படியே எழுதப்பட்டிருக்கும். ஒன்று மாறினாலும் புதுப்பிப்பு நின்றுவிடும். நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுக்கும் படியில், இல்லாததைப் பொருட்படுத்தாதே என்று ‘மிஸ்ஸிங்ஃபீல்ட்.இக்னோர்’ எழுதி வாயடைக்கவும் முடியும். இல்லாவிட்டாலும் பரவாயில்லாத குறிப்புகள் போன்ற நெடுவரிசைக்கு அதைப் போடுவேன். தொகை நெடுவரிசைக்கு ஒருபோதும் போட மாட்டேன்.