பிளாஸ்டிக் மூளை: விலைக்குப் பிழையில்லை, ஊசியைப் பார்த்து வாங்குங்கள்

களுவாஞ்சிகுடியில் ஓ.எல். (சாதாரண தர) பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எட்டுத் துண்டாகக் கழற்றிப் பூட்டும் மூளை மாதிரி ஒன்றை மட்டக்களப்பு டவுனில் 9,500 ரூபாய்க்கு வாங்கி, ஒரு தவணை முழுக்கப் பாவித்தாயிற்று.

அளவு நிஜ மூளையின் அளவுதான். ஆனால் உள்ளே கோறை, காற்றுப்போலக் கிடக்கிறது. உண்மையான மூளை 1.3, 1.4 கிலோ வரும் என்று காட்ட, ஒரு கிலோ சீனிப் பையையும் கொஞ்சம் பருப்பையும் பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டியிருந்தது.

காசுக்குப் பெறுமதி நடுவால் பிளக்கும்போதுதான் தெரியும். இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் வன்சடலம் வெள்ளை வளைவாக நிற்கும். நிஜத்தில் அதற்குள் ஏறத்தாழ 20 கோடி நரம்பு நார்கள் ஓடுகின்றன. அதற்குக் கீழே புலன்களின் செய்தியை வாங்கி அனுப்பும் தலமஸ், அப்புறம் பசி, தாகம், உடல் வெப்பம் எல்லாம் பார்க்கிற ஹைப்போதலமஸ், அதில் தொங்கும் கபச்சுரப்பி. புத்தகப் படத்தில் இந்த இடம் பிள்ளைகளுக்குக் குழப்பம். இதில் விரலால் தொட்டுச் சொல்கிறார்கள். பின்னால் மூளியின் (சிறுமூளையின்) மெல்லிய மடிப்புகளையும் நன்றாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

ஒருநாள் ஒரு பிள்ளை கேட்டாள்: "மிஸ், அம்மப்பாக்குப் பாரிசவாதம் வந்து வலக்கையும் ஏலாது, கதையும் வருதில்ல. ரெண்டும் ஏன் சேந்து போச்சு?" இடது அரைக்கோளத்தைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். வலக்கையை அசைப்பது இந்தப் பக்கம். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் இந்தப் பக்கம்தான். இரண்டு இடத்துக்கும் இரத்தம் கொண்டுபோவது ஒரே நாடியின் கிளைகள். 1861இல் பாரிஸில் போல் புரோக்கா என்ற வைத்தியர், "டான்" என்பதைத் தவிர வேறொன்றும் பேசமுடியாத நோயாளி இறந்தபின் அவருடைய மூளையைப் பார்த்து, இடது முன்பக்கச் சிதைவைக் கண்டுபிடித்த கதையையும் சொன்னேன். அந்த இடத்துக்கு மாதிரியில் ஓர் அடையாளமும் இல்லை. மார்க்கரால் நானே வட்டம் போட்டேன்.

குறையும் இருக்கிறது. புதிய ஞாபகங்களைப் பதியவைக்கும் ஹிப்போகம்பஸ் இதில் கிடையாது, அந்தப் பகுதி திறக்கவே திறக்காது. ஏ.எல். (உயர்தர) வகுப்புக்கு இது காணாது. ஒவ்வொரு சோணைக்கும் (அரைக்கோளத்தின் பெரிய பகுதிக்கும்) அடித்த கடும் நிறத்தைப் பார்த்து, மூளைக்குள்ளும் வேலி போட்டிருக்கிறது என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள்.

பெரிய எரிச்சல் நீள்வளைய மையவிழையம். சுவாசத்தையும் இதயத்துடிப்பையும் கட்டுப்படுத்துகிற துண்டு. அதுதான் எடுத்ததற்கெல்லாம் கழன்று விழுகிறது. பொருத்தும் ஊசி தளர்வு. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டதற்கு, பெட்டி திறந்தால் எடுக்கமாட்டோம் என்றார்கள். வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லி, அந்த ஊசியை ஆட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.